பலகை போகிறது, கிட்டார் வருகிறது

பங்குனி, சித்திரையில் நாமக்கல் மாவட்டத்து மல்லசமுத்திரம் சுற்றுவட்டாரத்தில் மாரியம்மன் பண்டிகை நடக்கும்போது, ஓர் இரவை இன்னிசைக் கச்சேரிக்கு ஒதுக்கும் ஊர்கள் நிறைய. மேடையின் முன்வரிசை பாடகர்களுக்கு. பக்கவாட்டில் கீபோர்டு, தபேலா. டிரம்ஸுக்குப் பக்கத்தில் கொஞ்சம் பின்தள்ளி நிற்பவர் பேஸ் கிட்டார் வாசிப்பவர். இளையராஜாவின் பாட்டு ஒன்று தொடங்கியதும் கூட்டத்தின் நெஞ்சுக்கூட்டில் முதலில் இறங்குவது அவர் மீட்டும் நான்கு தடித்த கம்பிகளின் ஒலிதான். 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா, அதற்கு முன் ஜி.கே. வெங்கடேஷின் குழுவில் கிட்டார் வாசித்தவர். அவர் எழுத, சசிதரன் போன்ற கலைஞர்கள் வாசித்த பேஸ் வரிகள், பாடலின் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டாக ஓடுபவை. பின்னர் ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் அந்த இடத்தை நிரப்பினார். தமிழ்த் திரையிசையைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் பேஸ் கிட்டார் அந்நிய வாத்தியமாக இருக்க முடியாது.

ஆனால் அந்தக் கிட்டார் இங்கே செய்யப்படுவதில்லை. மேடையில் இருப்பது பெரும்பாலும் இந்தோனேசியாவிலோ சீனாவிலோ தயாராகி, ஜப்பானிய அல்லது அமெரிக்கப் பெயரோடு விற்பனைக்கு வந்தது. கையால் செய்த உயர்தர பேஸ் வேண்டும் என்றால் கலைஞர்கள் இன்னும் தூரம் போகிறார்கள். இன்று உலக மேடைகளில் அறியப்பட்ட இந்திய பேஸ் கலைஞரான மோகினி டே வாசிப்பது போலந்தில் செய்த மயோனிஸ் கிட்டார். இத்தனைக்கும் உலகின் கிட்டார்களில் விரல் பதியும் பலகைக்கு மிக அதிகமாகப் பயன்படும் மரங்களில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. பலகை இங்கிருந்து போகிறது. கிட்டாராகி, பல மடங்கு விலையோடு திரும்பி வருகிறது.

இந்த நிலை மாற வேண்டும், மாற்றவும் முடியும். அதைத் தொடங்கத் தகுதியான இடங்களில் சேலம்–நாமக்கல் சமவெளி முதல் வரிசையில் இருக்கிறது. இது ஊர்ப்பற்றில் சொல்வது அல்ல. ஒரு பேஸ் கிட்டார் எப்படி உருவாகிறது என்று பார்த்தாலே அதற்கான காரணங்கள் கிடைத்துவிடும்.

கையில் கிடைத்த மரம்

1951இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில், வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடையிலிருந்து தொழிலதிபராக உயர்ந்த லியோ ஃபெண்டர், ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற மின் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் பேஸ் என்றால் ஆள் உயர டபுள் பேஸ்தான். வண்டியில் ஏற்றவே தனி இடம் வேண்டும். சியாட்டிலில் பால் டட்மார்க் 1930களிலேயே சிறிய மின் பேஸ் ஒன்றைச் செய்திருந்தாலும், உலகம் ஏற்றுக்கொண்டது ஃபெண்டரின் வடிவத்தைத்தான். அவர் வைத்த அளவு, கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 864 மில்லிமீட்டர். இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் அளவு அதுவே.

உடலுக்கு அவர் எடுத்தது ஆஷ் மரம். 1950களின் நடுவில் ஆல்டருக்கு மாறினார். இரண்டும் அமெரிக்காவில் மலிவாகவும் தடையின்றியும் கிடைத்தவை, எளிதாகச் செதுக்க வந்தவை, வர்ணத்தை ஏற்றுக்கொண்டவை. பிற்காலத்தில் இந்த மரங்களைச் சுற்றிப் பெரும் புராணமே எழுந்தது. ஆஷ் இல்லாவிட்டால் அந்த ஒலி வராது, ஆல்டர் இல்லாவிட்டால் இந்த இனிமை இருக்காது என்று கிட்டார் கடைகளில் இன்றும் சொல்லக் கேட்கலாம். தொடக்கத்தில் இருந்தது ஒரு நல்ல தொழிற்கூடக்காரரின் கணக்கு மட்டுமே: பக்கத்தில் கிடைப்பதை வைத்துத் திறமாகச் செய்வது.

கைவினை பேஸ் என்ற மரபு அதற்கு இருபது ஆண்டுகள் கழித்துத் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அலெம்பிக் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் ஜாக் கசாடிக்காகத் தனி பேஸ் ஒன்றைச் செய்துகொடுத்தது. பல மரங்களை அடுக்கி ஒட்டி, கழுத்துப் பலகையையே உடலின் கடைசி வரை நீட்டிச் செய்யும் முறையைப் பரப்பியதில் அந்த நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1975இல் ஆந்தனி ஜாக்சன் கேட்டதற்காக கார்ல் தாம்சன் ஆறு கம்பி பேஸ் செய்தார். 1983இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய ஃபொடேரா பட்டறையின் கிட்டார்கள் இன்று பத்தாயிரம் டாலரைத் தாண்டி விலை போகின்றன. இவை எல்லாம் சில பேர், சில இயந்திரங்கள், வாசிப்பவரோடு நேருக்கு நேர் பேச்சு என்ற அளவில் தொடங்கிய பட்டறைகள். பெரும் முதலீட்டில் எழுந்த ஆலைகளாக அவை தொடங்கவில்லை.

மரம் செய்யும் வேலை

வீணையிலும் நாதஸ்வரத்திலும் மரமே பாடுகிறது. தஞ்சாவூர் வீணையின் குடம் பலா மரத்தில் குடையப்படுகிறது. கம்பியின் அதிர்வை வாங்கிப் பெருக்குவது அந்தக் குடம்தான். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரத்தைத் தேடுகிறார்கள். அதிலும் பழைய வீடுகளில் தூணாகவும் விட்டமாகவும் பல காலம் இருந்து காய்ந்த மரம் என்றால் அதற்குத் தனி மதிப்பு. மின் பேஸ் கிட்டார் வேறு வகை. கம்பிக்குக் கீழே உள்ள காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் அதிர்வை மின்சாரமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றன. உடல் மரம் எது என்பது அந்தக் காந்தத்துக்கு நேரடியாகத் தெரியாது.

மரமே பாடும் கிட்டாரிலும் நம் நம்பிக்கைகள் அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறு வேறு மரமாக உள்ள ஆறு அக்கூஸ்டிக் கிட்டார்களை ஒரே கைவினைஞரிடம் செய்யச் சொல்லி, 52 கலைஞர்களிடம் கொடுத்தார்கள். கிட்டாரைப் பார்க்க முடியாதபடி மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தவர்கள், விலை கூடிய பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் மலிவான மரங்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க தரவேறுபாடு சொல்லவில்லை. 2018இல் அந்த ஆய்வு வெளியானது.

அப்படியானால் பேஸ் கிட்டாரில் மரத்துக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 75 கிலோ எடைக்குச் சமம். இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில், ஓய்வே இல்லாத இழுவை அது. கழுத்து ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வளைந்தாலும் கம்பி, விரல்பலகையில் பதித்த மெட்டுக்கம்பிகளில் உரசும், அல்லது விரலுக்கு எட்டாமல் உயரும். அதனால்தான் கழுத்துக்குள் முறுக்கிச் சரிசெய்யக்கூடிய இரும்புக் கம்பி ஒன்றைப் புதைக்கிறார்கள். மூன்று அல்லது ஐந்து பட்டைகளை நார் ஓட்டம் ஒன்றுக்கொன்று எதிராக வரும்படி ஒட்டுகிறார்கள். ஒரு பட்டை வலப்பக்கம் முறுக்கப் பார்த்தால் அடுத்தது இடப்பக்கம் இழுத்துப் பிடிக்கும்.

பேஸ் வாசிப்பவர்களுக்குத் தெரிந்த இன்னொரு தொல்லையும் உண்டு. மேல் கம்பியில், கழுத்தின் நடுப்பகுதியில், சில சுரங்கள் மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் மடிந்துவிடும். ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷரும் டில்மன் ஸ்விக்கரும் 1990களில் இதை அளந்து காட்டினார்கள்: கழுத்து இயல்பாக அதிரும் எண்ணும் அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணும் பொருந்திவிட்டால், கம்பியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே விறைப்பு, எடை, அசையாத தன்மை, நன்றாகக் காய்ந்திருப்பது ஆகியவையே பேஸ் கிட்டாரில் மரம் ஆற்றும் உண்மையான பணி. இந்தக் குணங்கள் ஆஷுக்கும் மேப்பிளுக்கும் மட்டும் எழுதி வைக்கப்பட்டவை அல்ல.

நம் மரங்கள்

இப்போது மல்லசமுத்திரத்திலிருந்து சுற்றிப் பார்க்கலாம்.

குமிழ் மரம் தமிழக விவசாயிகள் தோட்டங்களில் நடும் மரங்களில் ஒன்று. ஒரு கன மீட்டர் 430 முதல் 500 கிலோ வரை இருக்கும். ஆல்டரின் எடை கிட்டத்தட்ட 450 கிலோ. செதுக்க மிருது, காய்ந்த பின் நெளிவது குறைவு. ஆயர்கள் குமிழங்கொம்பில் வில்யாழ் செய்ததைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. ஃபெண்டர் தேடிய குணங்களை நம் வயல் வரப்பில் தேடினால், முதலில் கையில் எடுக்க வேண்டிய மரம் இதுதான்.

வேம்பும் மகாகனியும் ஒரே தாவரக் குடும்பம். வேம்பு கனமானது, ஒரு கன மீட்டர் சுமார் 700 கிலோ. ஆல்டரில் செய்த உடல் இரண்டேகால் கிலோ என்றால், அதே அளவு வேப்ப உடல் மூன்றரைக் கிலோ வரும். மூன்று மணி நேரக் கச்சேரியில் தோளில் தொங்கும் வாத்தியத்துக்கு அந்த ஒன்றேகால் கிலோ பெரிய சுமை. உள்ளே அறைகள் குடைந்து எடையைக் குறைப்பது இதற்கு வழி. கைவினைப் பட்டறைகளில் அது வழக்கமான வேலை. கொல்லிமலைப் பலா ஏற்கெனவே பழத்துக்குப் பெயர் பெற்றது. அதன் மஞ்சள் மரம் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆகிவருவது போல, பேஸ் கிட்டாரின் உடலுக்கும் நன்றாக ஆகிவரும்.

தூங்குமூஞ்சி மரம், பூவரசு இரண்டிலும் ஹவாய்த் தீவுகளின் கைவினைஞர்கள் உகுலேலே செய்கிறார்கள். ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக்கொடிக்கும் நிற்கும் சில்வர் ஓக்கின் தாயகம் ஆஸ்திரேலியா. ஆரத்தின் போக்கில் அறுத்தால் மீன்செதில் போல ரேகை விழும் அந்த மரத்தை அங்கே கிட்டாருக்குப் பயன்படுத்துகிறார்கள். நம்மிடம் அது பெரும்பாலும் பிளைவுட்டுக்கும் பெட்டிப் பலகைக்கும் போகிறது.

விரல்பலகைக்கு அடர்த்தியான, தேயாத மரம் வேண்டும். ஆச்சா தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். அதைவிட வியப்பான வாய்ப்பு, ஏரிகளையும் தரிசுகளையும் ஆக்கிரமித்து, அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் பலமுறை வலியுறுத்திய சீமைக்கருவேலம். அதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரம், ஈரம் ஏறி இறங்கினாலும் மிகக் குறைவாகவே சுருங்கும் என்பதால் டெக்சாஸில் கிட்டார் செய்பவர்கள் அதை விரும்பி எடுக்கிறார்கள். நாம் அதை வெட்டிக் கரி மூட்டம் போடுகிறோம். நேரான, தடித்த அடிமரம் எல்லா முள்மரத்திலும் கிடைக்காது. ஆனால் விரல்பலகைக்குத் தேவை சுமார் 70 சென்டிமீட்டர் நீளம், ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தடிப்பு. அவ்வளவு துண்டு கிடைக்கும்.

சாலை விரிவாக்கத்துக்காக வெட்டப்படும் வேம்பும் புளியும் தூங்குமூஞ்சியும் ஏலத்தில் போய், பெரும்பகுதி விறகாக எரிகிறது. அமெரிக்காவின் டெய்லர் நிறுவனம் கலிபோர்னிய நகரத் தெருக்களில் ஆயுள் முடிந்து அகற்றப்படும் ஆஷ் வகை மரங்களை வாங்கி, 2020 முதல் கிட்டார் செய்து விற்கிறது. அதே ஆண்டில் ஃபெண்டர் நிறுவனம், வண்டுத் தாக்குதலாலும் வெள்ளத்தாலும் தட்டுப்பாடாகிவிட்ட ஆஷை வழக்கமான தயாரிப்பிலிருந்து விலக்குவதாக அறிவித்தது. உலகமே மாற்று மரத்தைத் தேடும் காலம் இது. நம் மரங்களை அறிமுகப்படுத்த இதைவிடப் பொருத்தமான வேளை இல்லை.

ஈட்டி தந்த பாடம்

மரத்தைப் பற்றிப் பேசும்போது காட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பிரேசில் ரோஸ்வுட் அளவுக்கு மீறி வெட்டப்பட்டதால், 1992இல் பன்னாட்டு வணிகத்திலிருந்து ஏறத்தாழ முற்றாக விலக்கப்பட்டது. அந்த இடத்தை உலகச் சந்தையில் பிடித்தது நம் ஈட்டி. இன்று ஈட்டியும் அழியும் ஆபத்துள்ள மரங்களின் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1994இல் இயற்றிய ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம், பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியையும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்றது. 2017 ஜனவரி முதல் ஈட்டி சேர்ந்த பேரினம் முழுவதுமே, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அந்த மரம் உள்ள வாத்தியத்தை எல்லை தாண்டி விற்கவே காகிதம் தேவைப்பட்டது. 2019 நவம்பரில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. பலகைக்குக் கட்டுப்பாடு தொடர்கிறது.

2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் புகழ்பெற்ற கிப்சன் கிட்டார் ஆலைகளில் அரசு அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். கைப்பற்றப்பட்டவற்றில் இந்தியாவிலிருந்து போன ஈட்டி, கருங்காலி விரல்பலகைத் துண்டுகளும் இருந்தன. குறிப்பிட்ட தடிப்புக்கு மேல் உள்ள, வேலை முடியாத பலகையை இந்தியா ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. காகிதங்களில் அந்தத் துண்டுகளின் வகை சரியாகக் குறிக்கப்படவில்லை என்பது அதிகாரிகளின் வாதம். அடுத்த ஆண்டு, மடகாஸ்கர் கருங்காலி தொடர்பாக மூன்று லட்சம் டாலர் செலுத்த கிப்சன் ஒப்புக்கொண்டதோடு விவகாரம் முடிந்தது. இந்தியப் பலகைகள் குறித்து மேற்கொண்டு வழக்கு நடக்கவில்லை.

கிப்சன் ஆலைகளில் நடந்த அந்தச் சோதனைக்குப் பின்னால் நம் ஏற்றுமதி விதி இருந்தது. மரத்தைக் கட்டையாக அனுப்பாதே, வேலை செய்து அனுப்பு. கூலியும் திறமையும் இங்கேயே தங்கட்டும் என்பது அந்த விதியின் பொருள். நல்ல விதி அது. ஆனால் ‘வேலை முடிந்த பொருள்’ என்றால் பள்ளம் வெட்டிய விரல்பலகைத் துண்டு என்ற அளவிலேயே நாம் நின்றுவிட்டோம். ஒரு கன அடி அறுத்த மரத்திலிருந்து பேஸ் கிட்டாருக்கு மூன்று உடல்கள் கிடைக்கும். கன அடிக்கு விலை பேசி விற்பதற்கும், அந்த மூன்று உடல்களைக் கிட்டாராக்கி விற்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் ஒரு தச்சர் குடும்பத்தின் ஆண்டு வருமானம் அடங்கியிருக்கிறது.

கைகள் இங்கே இருக்கின்றன

நாமக்கல், திருச்செங்கோடு லாரி பாடி கட்டும் பட்டறைகளை இந்தியா முழுக்க அறியும். இன்ஜினும் சேஸிஸும் மட்டும் வந்து நிற்கும்; கேபினும் உடலும் இங்கே முளைக்கும். மரத்தை வளைக்கவும் இணைக்கவும் இழைக்கவும் தெரிந்த ஆசாரிகள் தலைமுறையாக அந்த வேலையில் இருந்தார்கள். இரும்புத் தகடு மரத்தின் இடத்தை எடுத்துக்கொள்ளவும், நிறுவனங்களே கேபினோடு லாரியை விற்கத் தொடங்கவும், மரவேலையின் பங்கு சுருங்கிவிட்டது. சேலம் மாவட்டத்தின் தம்மம்பட்டியில் சாமி சிலைகளும் வாகனங்களும் செதுக்கும் மரச்சிற்பிகள் இருக்கிறார்கள். அந்தக் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சங்கு வளைவும் யாளியின் பிடரியும் செதுக்கும் கைக்கு, கிட்டார் உடலின் வளைவு எளிய வேலை.

மரவேலையோடு முடிவதில்லை. மல்லசமுத்திரம் பகுதி பருத்தி ஏலத்துக்கும் விசைத்தறிக்கும் அறியப்பட்டது. கிணற்று மோட்டாரும் தறி மோட்டாரும் உள்ள ஊரில் காயில் கட்டும் கடை இல்லாமல் இராது. பேஸ் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் மயிரிழை போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றுவதுதான். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலுக்காக வளர்ந்த லேத் பட்டறைகளால், கம்பியைத் தாங்கும் பாலத்தையும் முறுக்காணியையும் பித்தளையில் கடைய முடியும். மரம், உளி, காயில், லேத் எல்லாம் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இவை இன்னும் ஒரே மேசைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இப்படி வந்துசேர்ந்த ஓர் ஊர் ஜப்பானில் இருக்கிறது. நாகனோ மாநிலத்தின் மாட்சுமோட்டோவில் மாட்சுமோகு என்ற நிறுவனம் 1951இல் தொடங்கியது. தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்வது அதன் வேலை. பின்னர் அதே தச்சர்களை வைத்துக் கிட்டாருக்குத் திரும்பியது. 1970களின் இறுதியில் அங்கே தயாரான அரியா பேஸ் கிட்டார்கள் ராக் இசைக் குழுக்களின் மேடைகளில் ஏறின. அதே ஊரில் 1960இல் பிறந்த ஃபுஜிகென் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான யூய்ச்சிரோ யோகோவுச்சி ஒரு விவசாயி. கிட்டார் பற்றி முன்னனுபவம் இல்லாமல் தொடங்கிய அந்த நிறுவனம், 1982இல் ஃபெண்டரின் ஜப்பானியக் கிட்டார்களையே செய்துகொடுக்கும் நிலைக்கு வந்தது. தையல் மிஷின் பெட்டியிலிருந்து பேஸ் கிட்டாருக்குப் போக முடிந்தால், லாரி பாடியிலிருந்தும் போக முடியும்.

தமிழ் மண்ணிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஆரோவில்லில் எரிசா நியோகி கையால் கிட்டார் செய்துவருகிறார். தேவைப்படுவது அப்படிப்பட்ட ஒரு பட்டறை பத்தாகப் பெருகுவது, அதுவும் தச்சு மரபு உள்ள ஊர்களில்.

நூலிலிருந்து மில்லிமீட்டருக்கு

இதில் உள்ள கடினத்தை மறைப்பது நேர்மையாகாது. நம் ஆசாரிகள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்து அளக்கிறார்கள். ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கிட்டாரில் மெட்டுக்கம்பி ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கு தள்ளிப் பதிந்தாலும் சுரம் பிசகும். 864 மில்லிமீட்டரை 17.817ஆல் வகுத்தால் வரும் 48.5 மில்லிமீட்டரில் முதல் மெட்டு. மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரியாக நீளத்தின் பாதியில், 432இல் வந்து நிற்க வேண்டும். வீணையில் மெழுகைச் சூடாக்கி மெட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரில் மரத்தை அறுத்த பின் நகர்த்த வழியில்லை. ஆகவே அளவுக் கருவிகளும் அறுவை அச்சுகளும் அவற்றைக் கையாளும் பயிற்சியும் கட்டாயம்.

அடுத்தது காய்ச்சல், அதாவது மரம் காயும் பக்குவம். காற்றில் காயவைத்தால் அங்குலத் தடிப்புக்கு ஓர் ஆண்டு என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு. பேஸ் உடலுக்கு இரண்டு அங்குலப் பலகை, இரண்டு ஆண்டுகள். சேலத்தின் சித்திரை வெயிலில் உலர்ந்து ஐப்பசி மழையில் ஈரம் உறிஞ்சும் மரத்துக்கு இந்தப் பொறுமை தேவை. இன்று வாங்கிய மரத்தை நாளை இழைக்கும் பட்டறையால் பேஸ் கிட்டார் செய்ய முடியாது. காத்திருக்கும் மரத்தில் முடங்கும் பணத்தை ஒரு சிறு தச்சரால் தனியாகத் தாங்கவும் முடியாது. அரசு உள்ளே வர வேண்டிய இடம் இதுதான்.

அது செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. சாலைப் பணிக்கு வெட்டும் மரங்களை ஏலம் விடும்போது, நேரான அடிமரங்களைத் தனிக் குவியலாக்கி, பதிவு செய்த வாத்தியப் பட்டறைகளுக்கு முதலில் காட்டலாம். சேலம், நாமக்கல் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சுப் பிரிவு மாணவர்களுக்கு ஆறு மாத வாத்தியத் தயாரிப்புப் பயிற்சியைச் சேர்க்கலாம். பயிற்றுநர்களாக ஆரோவில் கைவினைஞர்களையும் தஞ்சாவூர் வீணை ஆசாரிகளையும் சேர்த்தே அழைக்கலாம். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் குமிழ், வேம்பு, பலா, சீமைக்கருவேலம் ஆகியவற்றின் விறைப்பையும் சுருக்கத்தையும் கிட்டார் நோக்கில் அளந்து, தச்சர் படிக்கும் தமிழில் அட்டவணையாக வெளியிடலாம். சூரிய வெப்ப உலர்கூடம் ஒன்றைக் கூட்டுறவு முறையில் மல்லசமுத்திரத்திலேயே அமைக்கலாம். விளைபொருளைப் பொதுவில் சேர்த்து ஏலம் விட்டுப் பழகிய ஊர் அது.

மலை மரங்களில் எச்சரிக்கை வேண்டும். கொல்லிமலையிலும் சேர்வராயனிலும் பட்டா மரத்தை வெட்டவும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அனுமதி கேட்கிறது. அது அப்படியே இருக்கட்டும். ஈட்டியைத் தொட வேண்டிய தேவையே இல்லை. வீட்டு மனைக்காக விழுந்த வேம்பு, காய்ப்பு நின்ற பலா, தோட்டத்துக் குமிழ், ஏரியில் அகற்றிய முள்மரம் ஆகியவற்றோடு தொடங்கினால் போதும். எந்த மரம், எந்த ஊர், யாருடைய நிலம் என்ற விவரத்தை ஒவ்வொரு கிட்டாரின் உள்ளேயும் எழுதி வைத்தால், சைட்டிஸ் காகிதங்களைப் பார்த்து அஞ்சும் வெளிநாட்டு வாங்குபவருக்கு அதுவே பெரிய உறுதி.

வாங்குபவர் எங்கே என்ற கேள்விக்கு முதல் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. சேலம், ஈரோடு, நாமக்கல் வட்டார இன்னிசைக் குழுக்களும் தேவாலயப் பாடகர் குழுக்களும் கல்லூரி இசைக் குழுக்களும் இன்று இறக்குமதி பேஸ் வாங்குகின்றன. முதல் பத்து கிட்டார்களை விற்காமல், மேடையில் தொடர்ந்து வாசிக்கும் பத்துக் கலைஞர்களிடம் ஓராண்டுக்குக் கொடுத்து வைக்க வேண்டும். ஒரு சித்திரை, ஒரு ஐப்பசி இரண்டும் கடந்த பின் கழுத்து எவ்வளவு வளைந்தது, எந்தச் சுரம் மடிந்தது, தோளில் எடை எப்படி இருந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாம் தொகுதி அந்தக் குறிப்புகளை வைத்துச் செய்யப்பட வேண்டும். விலை பேசுவது அதற்குப் பிறகு. மாவட்டத் தொழில் மையம் இந்தப் பத்து கிட்டார்களின் செலவை ஏற்க முன்வந்தால், மரம் அறுக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.